செர்ரி கவுன்டியில் ஒருவர் திவால் மனு போட்டாரா? கோர்ட் கோப்பைத் தேடுவதும் படிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கிராமப்புறத்தில் நிலம் வாங்கப் போகிறவர், தீவனம் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் காத்திருப்பவர், தன்னுடைய பழைய வழக்கின் தாளைத் தேடுகிறவர் என்று பலருக்கும் திவால் கோர்ட்டின் கோப்பு ஒரு நாள் தேவைப்படுகிறது. பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உதவாது. அதனால் ஒரே கவுன்டியை (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) எடுத்துக்கொள்கிறேன்: நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுன்டி. ஏறக்குறைய 6,000 சதுர மைல், கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிது. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 5,455 பேர். மணல்குன்றுகள், புல்வெளி, மாட்டுப் பண்ணைகள். கவுன்டியின் தலைமையிடம் வேலன்டைன் என்ற சிற்றூர். வேறு மாநிலத்துக் கிராமக் கவுன்டியில் இருப்பவர்களுக்கும் நடைமுறை பெரும்பாலும் இதேதான். கோர்ட் இருக்கும் ஊர்தான் மாறும்.

வேலன்டைன் கோர்ட்ஹவுஸில் போய்க் கேட்டால் கோப்பைக் காட்டுவார்களா?

மாட்டார்கள், ஏனென்றால் அது அங்கே இல்லை. திவால் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. வழக்கை நடத்துவதும் ஃபெடரல் கோர்ட்டுகள் மட்டுமே. நாடு முழுவதும் 94 ஃபெடரல் நீதி மாவட்டங்கள், 90 திவால் கோர்ட்டுகள். நெப்ராஸ்காவின் 93 கவுன்டிகளும் சேர்ந்து ஒரே மாவட்டம். அதன் திவால் கோர்ட் அலுவலகங்கள் ஒமாஹாவிலும் லிங்கனிலும் இருக்கின்றன. வேலன்டைனிலிருந்து இரண்டும் சுமார் 300 மைல் தூரம். கவுன்டி கோர்ட்டில் "அப்படி ஒரு வழக்கே இல்லை" என்று சொன்னார்கள் என்பதை வைத்து, அவர் மனு போடவில்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

அப்படியானால் கவுன்டி அலுவலகத்துக்குப் போவதே வீணா?

வீணில்லை. வழக்கு அங்கே இருக்காது. வழக்கின் தடயம் இருக்கும். ஒருவர் பெயரில் நிலம் இருந்தால், திவால் மனு போடப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பை கவுன்டி நிலப் பதிவில் ஏற்றி வைப்பதுண்டு. விவரம் தெரியாமல் யாரும் அந்த நிலத்தை இடையில் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். கோர்ட் தீர்ப்பால் நிலத்தின் மீது விழுந்த பற்றை (கடனுக்கான பிடியை) திவால் கோர்ட் நீக்கினால், அந்த உத்தரவும் அங்கே பதிவாகலாம். திவாலுக்கு முன்னால் கடன் கொடுத்தவர் தொடர்ந்த பண வழக்கு மாநிலக் கோர்ட்டில் கிடக்கும். திவால் மனு வந்ததும் அது அப்படியே நின்றிருக்கும். மாடு, தானியம், டிராக்டர் மீதான அடமானத்தை மட்டும் கவுன்டியில் தேடாதீர்கள். அது மாநிலச் செயலர் அலுவலகத்தின் மையப் பதிவில் இருக்கும். நிலம் வாங்குகிறவர் இந்த மூன்றையும் திவால் கோப்போடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுப்படம் கிடைக்கும்.

வீட்டிலிருந்தே தேட என்ன வழி?

'பேசர்' என்ற ஃபெடரல் கோர்ட்டுகளின் தளம். கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். பதிவு செய்யும்போது கிரெடிட் கார்டு கொடுத்தால் உடனே உள்ளே போகலாம். கொடுக்காவிட்டால் தபாலில் குறியீடு வரும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட். ஒரு ஆவணம் எத்தனை பக்கமானாலும் 3 டாலருக்கு மேல் போகாது. ஆனால் பெயர் தேடலின் முடிவுப் பட்டியலுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. பரவலான ஒரு குடும்பப் பெயரை மட்டும் அடித்துத் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும், கட்டணமும் கூடவே ஏறும். முதல் பெயர், மாநிலம், ஆண்டு எல்லாவற்றையும் கொடுத்துத் தேடுங்கள். ஒன்றுமே கிடைக்காத தேடலுக்கும் ஒரு பக்கக் கட்டணம் உண்டு.

ஒரு காலாண்டில் மொத்தக் கட்டணம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் தள்ளுபடியாகிவிடும். ஒன்றிரண்டு வழக்கைப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் காசே ஆகாது. இது தெரியாமல் கட்டணத்துக்குப் பயந்து பின்வாங்குகிறவர்கள் நிறைய.

கணக்கே தொடங்காமல் இலவசமாகப் பார்க்க முடியுமா?

முடியும். திவால் கோர்ட் கோப்புகள் பொதுப் பதிவுகள், நியாயமான நேரத்தில் யார் வந்தாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்று திவால் சட்டத்தின் 107ஆவது பிரிவே சொல்கிறது. ஒமாஹா, லிங்கன் கிளார்க் அலுவலகங்களில் இதற்கென்றே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். திரையில் பார்ப்பது இலவசம், அச்செடுத்தால் பக்கத்துக்கு 10 சென்ட்.

300 மைல் போக முடியாதவருக்குத் தொலைபேசி இருக்கிறது. 866-222-8029 என்ற எண்ணில் தானியங்கிக் குரல் சேவை. கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து, பெயரையோ வழக்கு எண்ணையோ சொன்னால், மனு போட்ட தேதி, எந்த அத்தியாயம் (திவாலின் வகை), டிரஸ்டி (வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்) யார், இப்போதைய நிலை என்ன என்று வாசித்துச் சொல்லும். இன்டர்நெட் சரியாகக் கிடைக்காத பண்ணை வீடுகளில் இருப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

'கோர்ட்லிசனர்' என்ற தளத்தில், பிறர் ஏற்கெனவே பேசரில் காசு கொடுத்து எடுத்த ஆவணங்களின் நகல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எல்லா வழக்கும் அங்கே இருக்காது. சாதாரணக் குடும்ப வழக்குகள் அங்கே கிடைப்பது அரிது.

"கவுன்டி திவால் பதிவுகள்" என்று கூகுளில் முதலில் வரும் தளங்கள்?

காசைக் கொடுக்காதீர்கள். அவை கோர்ட்டின் தளங்கள் அல்ல. முகவரி யுஎஸ்கோர்ட்ஸ் டாட் கவ் என்று முடிகிறதா என்று பாருங்கள், அது போதும்.

பெயரைத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. மனு போடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். பண்ணைகள் பெரும்பாலும் எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பெயரிலோ குடும்ப நிறுவனத்தின் பெயரிலோ நடக்கும். மனு அந்தப் பெயரில் இருக்கலாம். கணவர் பெயரில் தேடியிருப்பீர்கள், மனைவி மட்டும் போட்டிருப்பார்.

இடமும் மாறியிருக்கலாம். மனுவுக்கு முந்தைய 180 நாளில் அதிக நாள் எந்த மாவட்டத்தில் வாழ்ந்தாரோ பெரும்பாலும் அங்கேதான் போட வேண்டும். செர்ரி கவுன்டியின் வட எல்லையைத் தாண்டினால் தெற்கு டகோட்டா. அங்கிருந்து சமீபத்தில் குடிவந்தவரின் வழக்கு அந்த மாநிலத்துக் கோர்ட்டில் இருக்கலாம். ஆகவே நெப்ராஸ்கா கோர்ட்டை மட்டும் தேடாமல், பேசரில் 'கேஸ் லொக்கேட்டர்' என்ற நாடு தழுவிய தேடலில் தொடங்குங்கள். நேற்று போட்ட மனு அதில் ஏற ஒரு நாள் ஆகலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்துதான் பெரியது: பெயர் வந்துவிட்டது, ஆனால் ஆள் வேறு. அதே பெயரில் அப்பாவும் மகனும் இருக்கும் ஊர்கள் அவை. முகவரியையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் (அமெரிக்க அரசு தரும் தனிநபர் எண்) கடைசி நான்கு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள்.

வழக்கு எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

24-40123 என்று ஒரு எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 என்றால் மனு போட்ட ஆண்டு 2024. அடுத்த இலக்கம் அலுவலகம்: நெப்ராஸ்காவில் 4 என்றால் லிங்கன், 8 என்றால் ஒமாஹா. மீதி வரிசை எண். எண்ணுக்கு முன்னால் 'ஏ' இருந்தால் அது திவால் வழக்குக்குள் ஒருவர் மேல் ஒருவர் தொடுத்த தனி வழக்கு. ஏமாற்றி வாங்கிய கடன், இது கழியக் கூடாது என்று கடன் கொடுத்தவர் வாதாடுவதெல்லாம் அங்கேதான் நடக்கும். கோப்பும் தனி.

7, 11, 12, 13 என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

திவால் சட்டத்தின் அத்தியாய எண்கள் அவை. 7 என்றால் விலக்குப் பெற்றது (விற்கக் கூடாது என்று சட்டம் விட்டுவைத்தது) போக மிஞ்சிய சொத்தை டிரஸ்டி விற்றுப் பங்கிடுவார். பெரும்பாலான குடும்பங்களிடம் விற்க எதுவும் மிஞ்சாது. மனு போட்டு நான்கு மாத வாக்கில் கடன் விடுவிப்பு வந்துவிடும். 13 என்றால் மாத வருமானத்திலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டு தவணை கட்டுவது. 11 பெரும்பாலும் தொழில் நிறுவனங்களுக்கு.

செர்ரி போன்ற கவுன்டியில் நின்று கவனிக்க வேண்டியது 12. குடும்ப விவசாயிகளுக்கென்றே 1986இல், பண்ணைக் கடன் நெருக்கடி நெப்ராஸ்காவையும் அயோவாவையும் உலுக்கிக்கொண்டிருந்தபோது, தற்காலிகமாகக் கொண்டுவந்தார்கள். பலமுறை நீட்டித்து, 2005இல் நிரந்தரமாக்கினார்கள், மீனவர்களையும் சேர்த்தார்கள். கடன்பட்ட விவசாயியின் வருமானம் மாதாமாதம் வராது. கன்றுகளை விற்கும் பருவத்தில்தான் பணம் கையில் வரும். அந்தப் பருவத்தை ஒட்டித் தவணை கட்டலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் உயிர். நிலத்தின் இன்றைய மதிப்புக்கு ஏற்பக் கடனைக் குறைத்து எழுதவும் வழி உண்டு. மொத்தக் கடனில் பாதியாவது விவசாயத்தால் வந்ததாக இருக்க வேண்டும். கடன் வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 1,25,62,250 டாலர். மனு போட்ட 90 நாளுக்குள் திட்டத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இன்னொன்று: விவசாயியைக் கடன் கொடுத்தவர்கள் கட்டாயமாகத் திவாலுக்குள் தள்ள முடியாது, சட்டம் அதைத் தடுக்கிறது. கோப்பில் ஒரு விவசாயியின் பெயர் இருந்தால் அவரே முடிவெடுத்துப் போட்ட மனு அது.

டாக்கெட் என்று, வழக்கில் நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லும் நீளமான பட்டியல் வருகிறது. எங்கிருந்து படிப்பது?

கடைசியிலிருந்து. முதல் வரியைப் பார்த்துவிட்டு "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. மனு என்பது தொடக்கம் மட்டுமே.

நான் கற்பனையாக எழுதிய ஒரு டாக்கெட்டைப் பாருங்கள். மார்ச் 3: அத்தியாயம் 7 மனு. மார்ச் 4: குறைபாட்டு அறிவிப்பு, அட்டவணைகள் வரவில்லை. மார்ச் 24: வழக்கு தள்ளுபடி. ஏப்ரல் 20: வழக்கு மூடப்பட்டது. இதற்கு அர்த்தம் என்ன? மனுவோடு கொடுக்க வேண்டிய சொத்து, கடன் அட்டவணைகளுக்குச் சட்டம் 14 நாள் அவகாசம் தருகிறது. அவர் கொடுக்கவில்லை, கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. ஒரு டாலர் கடன்கூடக் கழியவில்லை. கடன் கொடுத்தவர்கள் மறுபடியும் வசூலிக்கலாம். ஆனாலும் அவர் பெயர் திவால் பதிவில் இருந்துகொண்டே இருக்கும்.

'டிஸ்சார்ஜ்' என்ற உத்தரவு இருந்தால்தான் கடனிலிருந்து விடுவிப்பு. 'டிஸ்மிஸ்டு' என்றால் மேலே சொன்ன கதை. 'கன்வெர்ட்டட்' என்றால் ஒரு அத்தியாயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. 'குளோஸ்டு' என்ற சொல்லை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வெற்றியோ தோல்வியோ எல்லா வழக்கும் ஒரு நாள் மூடப்படும். நடுவில் 'ரிலீஃப் ஃப்ரம் ஸ்டே' (வசூல் தடையிலிருந்து விலக்கு) என்று வந்தால், அடமானம் பிடித்த பேங்க் அந்த ஒரு சொத்தின் மேல் நடவடிக்கை எடுக்க அனுமதி கேட்கிறது. நிலம் வாங்குகிறவர் அந்த மனுவையும் அதன் மேல் வந்த உத்தரவையும் திறந்து படித்தே ஆக வேண்டும்.

சொத்து, கடன் அட்டவணைகளில் எதைப் பார்க்க வேண்டும்?

'ஏ/பி' சொத்துகள், 'சி' விலக்குக் கோரும் சொத்து, 'டி' அடமானக் கடன்கள், 'இ/எஃப்' அடமானமில்லாத கடன்கள், 'ஐ' வருமானம், 'ஜே' செலவு. எல்லாவற்றுக்கும் கீழே, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்று கையெழுத்து.

பண்ணை வழக்கில் 'டி'யைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் மூன்று தொகைகள் இருக்கும். பேங்குக்குத் தர வேண்டியது 4,80,000 டாலர், அடமானமான மாடுகளின் மதிப்பு 3,90,000, மீதி 90,000 அடமானத்துக்கு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 90,000, தீவனக்காரரின் பாக்கியோடு ஒரே வரிசையில் போய் நிற்கிறது. பேங்குக்கு முழுப் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த சின்ன வியாபாரிக்கு, தனக்கு எவ்வளவு வரும் என்பது இந்த மூன்றாவது தொகையில்தான் விளங்கும்.

கடனுக்குப் பக்கத்தில் 'டிஸ்பியூட்டட்' என்ற கட்டத்தில் குறி இருந்தால், அந்தக் கடனை மனு போட்டவர் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பட்டியலில் இருப்பதால் மட்டும் அது உறுதியான கடனாகிவிடாது. 'அமெண்டட்' என்று பிற்பாடு திருத்திய அட்டவணை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழையதைப் படித்து ஏமாறக் கூடாது.

அதோடு நிதி விவகார அறிக்கை என்ற படிவமும் இருக்கும். மனுவுக்கு முந்தைய 90 நாளில் யாருக்குப் பணம் கட்டினார், ஓராண்டில் உறவினர்களுக்கு எவ்வளவு கொடுத்தார், இரண்டு ஆண்டில் எந்தச் சொத்தைக் கைமாற்றினார் என்பதெல்லாம் அதில்தான்.

எனக்குப் பணம் தர வேண்டியவர் மனு போட்டுவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில், அவருக்குப் போன் போட்டுப் பணம் கேட்பதை நிறுத்துங்கள். மனு போட்ட கணமே வசூல் நடவடிக்கைக்குத் தடை வந்துவிடுகிறது. மீறினால் உங்கள் மேலேயே கோர்ட் நடவடிக்கை வரலாம்.

அடுத்து, உங்கள் பெயர் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் சரியான முகவரியோடு இருக்கிறதா என்று பாருங்கள். 7, 12, 13 மூன்றிலும் பாக்கியைக் கோரும் படிவத்தை மனு தேதியிலிருந்து 70 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அத்தியாயம் 7இல் பங்கிட எதுவும் இல்லை என்று அறிவிப்பில் போட்டிருந்தால், கோர்ட் கேட்கும்வரை தேவையில்லை. பில், ஒப்பந்தம், எடைச்சீட்டு எதுவானாலும் நகல் இணையுங்கள். மனுவுக்கு முந்தைய 20 நாளுக்குள், அவருடைய தொழிலுக்காக வழக்கமான முறையில் சரக்கு கொடுத்திருந்தால், அந்தத் தொகைக்கு மட்டும் முன்னுரிமை உண்டு. இதைக் கேட்காமலே விட்டுவிடுகிற வியாபாரிகள் உண்டு. ஏமாற்றி வாங்கினார் என்று வழக்குப் போட வேண்டுமானால், கடன் கொடுத்தவர்கள் கூட்டத்துக்கு (டிரஸ்டி மனு போட்டவரை விசாரிக்கும் கூட்டம்) குறித்த முதல் தேதியிலிருந்து 60 நாள்தான். இதற்கு வக்கீல் வேண்டும்.

செர்ரி கவுன்டியின் கிழக்குப் பகுதி சென்ட்ரல் நேரம், மேற்குப் பகுதி மவுன்டன் நேரம். கோர்ட் அறிவிப்பில் வரும் நேரம் சென்ட்ரல். 10 மணி வாய்தா என்றால் மேற்கே இருப்பவருக்குக் காலை 9 மணி.

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் நிலத்தின் மேலிருந்த அடமானமும் போய்விடுமா?

போகாது. கடனைக் கட்ட வேண்டிய தனிப்பட்ட பொறுப்புதான் நீங்குகிறது. கோர்ட் தனியாக நீக்காதவரை அடமானம் நிலத்தோடே இருக்கும்.

எந்த விவரங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது?

சோஷியல் செக்யூரிட்டி எண், பேங்க் கணக்கு எண் இரண்டிலும் கடைசி நான்கு இலக்கம்தான் தெரிய வேண்டும். பிறந்த தேதியில் ஆண்டு மட்டும். மைனர் குழந்தைகளின் பெயர் தலைப்பெழுத்தாக. முழு எண் தரும் படிவம் பொதுக் கோப்பில் சேராது, டிரஸ்டியிடம் கொடுக்கும் வருமான வரிக் கணக்கும் அப்படித்தான். இவற்றை மறைத்துக் கொடுப்பது தாக்கல் செய்பவரின் பொறுப்பு, கிளார்க் சரிபார்ப்பதில்லை. உங்கள் முழு எண் எங்காவது வெளியே தெரிந்தால் மறைக்கக் கோரி உடனே மனு கொடுங்கள்.

கவுன்டியில் மொத்தம் எத்தனை மனுக்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

ஃபெடரல் கோர்ட்டுகளின் புள்ளிவிவரத்தில் 'எஃப்-5ஏ' என்ற அட்டவணை காலாண்டுதோறும் வெளியாகிறது, இலவசம். கவுன்டி வாரியாக, அத்தியாய வாரியாக இருக்கும். பெயர்கள் இருக்காது.

1980களில் என் மாமனார் போட்ட வழக்கைப் பார்க்க முடியுமா?

அப்போது எல்லாம் காகிதம். இணையத்தில் தேடிப் பயனில்லை. முதலில் கிளார்க் அலுவலகத்தில் வழக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள்; அவர்கள் தேடித் தருவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பழைய கோப்புகள் ஃபெடரல் ஆவணக் கிடங்குகளுக்குப் போய்விடும், அங்கிருந்து எடுப்பதற்கும் கட்டணம். எல்லாக் கோப்பையும் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை, எனவே பணம் கட்டுவதற்கு முன் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். இன்னும் பழைய, 1898ஆம் ஆண்டுச் சட்டக் காலத்து நெப்ராஸ்கா வழக்குகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கேன்சஸ் சிட்டி கிளையைக் கேளுங்கள்.

வீட்டுக் கடனுக்கு என் டிஸ்சார்ஜ் உத்தரவைக் கேட்கிறார்கள்.

பழைய வக்கீலிடம் கேளுங்கள், இலவசமாகவே கிடைக்கலாம். இல்லாவிட்டால் பேசரில் சில பத்து சென்டுகளில் எடுத்துவிடலாம். சான்றிட்ட நகல்தான் வேண்டும் என்று கடன் தருபவர் அடம்பிடித்தால் மட்டும் கிளார்க்கிடம் கட்டணம் கட்டி வாங்குங்கள். கிரெடிட் ரிப்போர்ட்டில் திவால் பதிவு 10 ஆண்டு வரை இருக்கலாம். அதைப் போடுவது கோர்ட் அல்ல. கிரெடிட் நிறுவனங்கள் பொதுப் பதிவிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்கின்றன. அதனால் அதிலுள்ள தவறைத் திருத்தக் கோர்ட்டுக்கு எழுதிப் பயனில்லை, அந்த நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும்.

பக்கத்துப் பண்ணைக்காரரின் கோப்பை நான் பார்க்கலாமா?

சட்டப்படி பார்க்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அவருக்குத் தகவலும் போகாது. ஆனால் ஒரு கோப்பில் அந்த வீட்டின் மருந்துச் செலவு, பிள்ளைகளின் செலவு, அண்ணன் தம்பி கொடுத்த கைமாற்று எல்லாம் வரி வரியாக இருக்கும். 5,000 பேர் வாழும் கவுன்டியில் அது ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைக்கப் போதும். அவரோடு உங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லையென்றால் திறக்காதீர்கள் என்பதே என் கருத்து. திறந்தால், உங்களுக்குத் தேவையானதைப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

தமிழில் உதவி கிடைக்குமா?

கோப்பும் படிவங்களும் ஆங்கிலத்தில்தான். ஆனால் நீங்களே மனு போட்டு, கடன் கொடுத்தவர்கள் கூட்டத்தில் உங்களை விசாரிக்கும்போது, தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை யுஎஸ் டிரஸ்டி அலுவலகம் (டிரஸ்டிகளை மேற்பார்க்கும் அரசு அலுவலகம்) இலவசமாக ஏற்பாடு செய்யும். கூட்டத்துக்கு முன்பே டிரஸ்டியிடம் தமிழ் என்று சொல்லி வையுங்கள். கிளார்க் அலுவலகத்தார் எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எங்கே அனுப்புவது என்று சொல்வார்கள். எந்த அத்தியாயத்தில் போடலாம், போட்டால் பண்ணை தங்குமா என்பதைச் சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை. அதற்குத் திவால் வழக்குகள் நடத்தும் வக்கீலிடம்தான் போக வேண்டும்.